தூறலுக்குப் பயப்படுகிற வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

சகலருக்கும் பணிவுடன் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பிக்கு மீசை அரும்பிவிட்டது. வெளிச்சத்தில் நிறுத்தி, கிட்டத்தில் வந்து, கொஞ்சம் நல்ல மனதோடும் பார்த்தால் தெரியும். இந்தப் பருவத்தில் நம் வீட்டில் உருப்படியாக முளைத்தது அது ஒன்றுதான் என்று அம்மா சொல்கிறாள்.

தையல் ஆலை விடுதியில் உன் போனை வாங்கி வைத்துக்கொண்டதால் நான் எழுத்தாளனாகிவிட்டேன். பிழை இருந்தால் உங்கள் வார்டன் அம்மாதான் பொறுப்பு.

பக்கத்து நிலத்து மோட்டார் மாமா மோட்டாரை விற்றுவிட்டார். பெயரை வாங்கத்தான் ஆளில்லை. கிணற்றை இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் பூமிக்கு அந்தப் பக்கத்து ஆள் தலை தெரிந்திருக்கும், தண்ணீர் தெரிந்திருக்காது. இப்போது நகரத்தில் ஒரு கடை வாசலில் காவலுக்கு நிற்கிறார்.

நம் கதைக்கு வருகிறேன். நீ போன பிறகு அப்பா இரண்டு முறை மக்காச்சோளம் விதைத்தார், வழக்கம்போலப் புழுதியில்தான். முன்பெல்லாம் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பெருமழை வந்து எழுப்பும். இப்போது வருவது தூறல். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தூங்குகிற விதையை எழுப்பி விட்டுவிட்டு அது போய்விடுகிறது, அப்புறம் வெயில் வந்து விசாரிக்கிறது. இரண்டு முறையும் முளை விரல் உயரம் வந்து கருகிப்போனது. மழையே வராவிட்டால் விதையாவது மண்ணுக்குள் பத்திரமாகக் கிடக்கும். அதனால் சின்ன மேகத்தைக் கண்டாலே எங்களுக்குப் பயம். போன வாரம் ஒரு மேகத்தைப் பார்த்து அம்மா துடைப்பத்தை ஓங்கினாள். நான் சிரித்துவிட்டேன். மேகம் தப்பியது.

எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை என்பாரே அப்பா, அந்த எறும்புகளே இந்த வருஷம் சாமான் செட்டோடு ஏறிவிட்டு, வெட்கப்பட்டு இறங்கிவிட்டன.

மிஞ்சியது ஒரே மூட்டை விதை. எலிக்குப் பயந்து உன் கட்டில் மேல் வைத்திருந்தோம். அம்மா அதை அரைத்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். "தின்னா வயித்துலயாவது நிக்கும்" என்றாள்.  இதுவரை யாரையும் யோசனை கேட்காத அப்பா, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் போன்ல என்னப்பா போட்டிருக்கு, மழை உண்டா?" என்று கேட்டார்.

ஆகவே உன் தம்பி இப்போது வானிலைத் துறையின் தலைமை அதிகாரி. ஐந்து நாளில் கொட்டும் என்று உத்தரவு போட்டேன். அடுத்த நாள் இருட்டுவதற்குள் விதைத்து மூட்டை காலி. லீவில் வந்த மோட்டார் மாமாவிடம், "எம்பையன் பாத்துச் சொல்லிட்டான்" என்று அப்பா பெருமையாகச் சொன்னாராம். இத்தனை வருஷப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத மெடல்.

இன்று காலை தூறியது. முகம் கழுவக்கூடக் காணாது. அப்பா மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். நகம் வரைதான் ஈரம். விரலைத் துடைக்காமலே வந்து உட்கார்ந்திருக்கிறார். என்னைத் திட்டவில்லை. நீ சொன்ன மழை நாளைக்குத்தானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. அன்றைக்குப் போனில் மழையே இல்லை. ஒரு சூரியன், அதற்குக் கீழே இன்னொரு சூரியன், கடைசி வரை அப்படியே. காட்டத்தான் திருப்பினேன். அப்பா போனைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கொட்டும்ப்பா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இது உன் கைக்கு வருவதற்குள் அந்த ‘நாளை’ வந்து போயிருக்கும். நீயாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு, அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி