காரியம் முடிந்தபின் வந்த அனுமதி

அக்கா,

இன்று காலை உங்கள் தையல் மெஷின் ஓடவில்லை. நீங்கள் போன பிறகு அதில் உட்காருகிறவள் சபீனா, மேற்கு வங்காளத்துப் பெண். பெருந்துறையில் நம் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் புருஷனோடு குடியிருக்கிறாள். விடிந்ததும் போலீஸ் வந்து அந்த வரிசையில் இருந்த எல்லோரையும் வேனில் ஏற்றிப் போய்விட்டார்களாம். பங்களாதேஷ்காரர்களைத் தேடுகிறார்கள் என்றார் சூப்பர்வைசர். பாதி தைத்த சட்டைக் கை ஊசிக்கு அடியில் கிடந்தது. அந்த எண்ணெய் வாசனையில் நின்றபோது உங்கள் நினைப்புத்தான் வந்தது.

பள்ளிக்கூடம் போகும் வயதில் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர் நீங்கள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் இங்கேதான். ஆனாலும் அகதி முகாமில் கையெழுத்துப் போடும் நாள் என்றால் ஓவர்டைம் பார்க்காமல் ஓடுவீர்கள். ஒருமுறை சென்னிமலைக்குக் கூப்பிட்டேன். "கேட்டுப்போட்டு வாரன்" என்றீர்கள். கோயிலுக்குப் போவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

தென்கோடியில் இன்னொரு முகாமில் தம்பியோடு இருந்த உங்கள் அம்மா படுத்த படுக்கையான வாரம் நினைவிருக்கிறது. யாரோ ஒரு பெரிய தலைவர் இந்தப் பக்கம் வருகிறார் என்று முகாமிலிருந்து ஒருவரையும் வெளியே விடவில்லை. உங்களோடு நானும் முகாம் அதிகாரியைப் பார்க்க வந்தேன்.

"மேலிடத்து உத்தரவும்மா. நாட்டோட பாதுகாப்பு. நான் என்ன செய்யட்டும்?" என்றார் அவர்.

"எழும்பி இருக்கவே ஏலாத என்ர அம்மாவைப் பார்த்தால் நாட்டுக்கு என்ன வந்திடும், ஐயா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உங்களை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு இன்றுவரை ஆத்திரம் அதில்தான். யாரைத் திட்டுவது என்றே தெரியாத இடத்தில் நம்மை நிறுத்திவிடுகிறார்கள்.

தலைவர் வந்து போனார். அம்மாவும் போய்விட்டார். காரியம் முடிந்தபின் அனுமதி வந்தது. நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அத்தோடு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் முகாம் பெண்கள் பதினைந்து இருபது பேரோடு உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே கூப்பிட்டார்கள். "எனக்கு இனி வேண்டாம். மிச்சம் இருக்கிற ஆக்களுக்காகக் கேக்கிறன். சாவு, வருத்தம், ஆஸ்பத்திரி என்றால் அண்டைக்கே விடவேணும்" என்றீர்கள். சரி என்றார்கள். அதற்குப் பிறகு உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் அண்ணன் சாவுக்கு அன்றைக்கே பஸ் ஏறினார். அந்த ஒன்றைத்தான் ஜெயித்தீர்கள். குடியுரிமை கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதில் வருவதற்குள் சிறுநீரகம் கெட்டு நீங்களே போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அகதி என்றே எழுதியிருந்தார்கள்.

இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, சபீனாவையும் மற்றவர்களையும் வைத்திருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வாசலில் இருந்த போலீஸ்காரர் நம் ஊர்க்காரர்தான்.

"ஏனுங்க, என்ன குத்தம்னு புடிச்சு வெச்சிருக்கீங்க?"

"குத்தமெல்லாம் இல்லீங்க. சும்மா விசாரணை. பாதுகாப்பு விசயம் அம்மணி, உங்களுக்கு எதுக்குங்க? ஊட்டுக்குப் போங்க."

எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார். அந்த மரியாதைதான் எரிச்சலாக இருந்தது. உள்ளே சபீனா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆதார் கார்டு காட்டினாளாம், போலியாக இருக்கலாம் என்றார்களாம். அவள் பேசும் மொழிதான் சந்தேகமாம். இலங்கைத் தமிழ் பேசியதற்காக உங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரித்தார்களே, அது மாதிரி.

நான் நகரவில்லை. கம்பெனியில் அவள் சேர்ந்ததிலிருந்து எனக்குத் தெரியும், நான் எழுதித் தருகிறேன் என்றேன். ஈரோட்டில் ஒரு வக்கீலம்மாவைப் போனில் பிடித்தேன். அவர் வந்து, எந்தச் சட்டத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகு, மாலையில் பெண்களை விட்டார்கள். சபீனாவின் புருஷனை விடவில்லை. ஊரிலிருந்து தகவல் வர வேண்டுமாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள்.

அக்கா, என்னை இதுவரை யாரும் எங்கே பிறந்தாய் என்று நிறுத்திக் கேட்டதில்லை. பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போகவும் வரவும் யாரிடமும் சொன்னதில்லை. அது எல்லோருக்கும் வாய்த்தது என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு வாய்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான், என்னிடம் இருப்பது என்னவென்று எனக்குத் தெரிந்தது. என்னை விரட்டுவதற்கு முன் போலீஸ்காரர் யோசிக்க வேண்டும். நாளைக் காலை சபீனாவின் புருஷனுக்காக மறுபடியும் அந்த மண்டப வாசலில் போய் நிற்பேன்.