மலையில் தொடாத சிகரெட்

நீ போனபின் காலியாகக் கிடந்த உன் மேசையை இன்று எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். இழுப்பறையைத் திறந்ததும் ஏலக்காய் வாசனையும் சிகரெட் வாடையும் சேர்ந்து வந்தன. ஒரு கணம், நீதான் பின்னால் வந்து நிற்கிறாய் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்குக் கிளம்பும்முன் நீ வாயில் போட்டுக்கொள்ளும் ஏலக்காய், காகிதத்தில் மடித்தபடி கிடந்தது.

நகரியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, திருப்பதியில் இந்த யுனிவர்சிட்டியின் தேர்வுப் பிரிவில் ஒரே நாளில் கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள் நாம். அப்போது உனக்கு டீகூடப் பிடிக்காது. சிகரெட்டுக்காக வேப்பமரத்தடிக்குப் போகும் சூப்பிரண்டண்ட், போகிறபோக்கில் தெலுங்கில் "ராவய்யா", வாய்யா, என்று உன்னைக் கூப்பிட ஆரம்பித்தார். யாருக்கு கான்ட்ராக்டை நீட்டுவது, யாரை நிறுத்துவது என்பதெல்லாம் அந்த மரத்தடியில்தான் முதலில் பேச்சில் அடிபடும். நீயும் கூடப் போய்ப் புகைக்கப் பழகிக்கொண்டாய். நான் திட்டினால் சிரிப்பாய். "அவுரு எடுத்து நீட்டும்போது வாணாம்னு எப்டிடா சொல்றது? கூட நின்னு ஊதிக்கினு இருந்தாத்தான் நம்ம பேரு அவுருக்கு ஞாபகம் இருக்கும்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் சனிக்கிழமை திருமலைக்கு அலிபிரி படியேறும்போது உன்னைப் பார்க்க வேண்டும்! மலைமேல் புகைக்கக் கூடாது என்பதால் பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாய். திரும்ப வீடு சேரும்வரை அதன் பேச்சே இருக்காது. வழியெல்லாம் என்னைத்தான் வம்புக்கு இழுப்பாய். "இன்னாடா, இதுக்கே நாக்கு தள்ளுது? சிகரெட் புடிக்கிறவன் நானா, நீயா?"

நுரையீரலில் புற்று என்று டாக்டர் சொன்ன அன்று உன் மனைவி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"மலைக்குப் போனா நாளெல்லாம் தொடமாட்டாரேண்ணா. ஆபீசுல மட்டும் அப்டி இன்னாதான் இருக்குது?"

நீ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

இன்று மத்தியானம் சூப்பிரண்டண்ட் இந்த மேசைக்கு வந்தார். உன் பெயரைச் சொல்லி உச்சுக்கொட்டினார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சட்டைப்பையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "ராவய்யா" என்றார்.

இந்த மாதம் என் கான்ட்ராக்ட் முடிகிறது. புகை என்றாலே எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். ஆனாலும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். உன் மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதில் அப்போதுதான் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வேன்?

உன் ஏலக்காயில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "வேலை இருக்குது சார்" என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்து மேசைக்காரனைக் கூட்டிக்கொண்டு போனார். பயத்தில் எனக்கு அப்புறம் வேலையே ஓடவில்லை.

மீதி ஏலக்காயைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கும் கூப்பிடுவார்.