வாடகை தராத விசில்

மார்ச் 4, செவ்வாய்

மிளகாய் சீசன். பாகூரில் பாதிப் பேர் என் மில் வாசலில் நிற்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் மில்லை நிறுத்தி வீட்டுக்கு வந்த பிறகும் 'ஙொய்ய்' என்று ஒரு விசில். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்தான், வேறென்ன? லைன்மேன் சுரேஷிடம் சொன்னேன். "யக்கா, எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கேக்கலியே" என்கிறான். பாவம், செவிடு போல.

மார்ச் 7, வெள்ளி

டிரான்ஸ்ஃபார்மர் மேல் எழுத்துமூலம் புகார். என்னிடமா விளையாடுகிறது?

மார்ச் 12, புதன்

பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. மில், ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் கப்சிப். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழேயே போய் நின்றேன். விசில் மட்டும் அப்படியே! கம்பத்து மேலிருந்து சுரேஷ் கேட்டான்: "இன்னாக்கா, இப்பவும் இரையுதா? கரண்டே இல்லியே!"

"வேலயப் பாருடா" என்று அதட்டிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஐயோ, அப்ப இது எனக்குள்ளயா இருக்குது?

மார்ச் 13, வியாழன்

எதிர்வீட்டு லில்லி சொன்னாள் என்று பூண்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டேன். விசில் போகவில்லை. ரசவாசனை சேர்ந்துகொண்டது.

மார்ச் 15, சனி

பயந்துவிட்டேன். தொட்டியில் மிளகாய் தீரும்போது மில் சத்தம் கீச்சென்று மாறும். முதுகைக் காட்டி நின்றாலும் கண்டுபிடிப்பேன், என் தொழிலே அதுதான். இன்று மாறியது கேட்கவில்லை. வெறும் மில் ஓடிக் கருகல் நாற்றம் வந்தது. கூட வேலை செய்யும் தையலம்மாள்தான் ஓடிவந்து நிறுத்தினாள். "இன்னாம்மா, கனாவா?"

கனவில்லடி. காது போச்சுன்னா நான் மில்லை நடத்துவேனா, மில் என்னை நடத்துமா?

மார்ச் 18, செவ்வாய்

அரியூர் ஆஸ்பத்திரி, டாக்டர் அர்ச்சனா. சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். மெல்லிய கீச்சுச் சத்தங்களில் பாதி எனக்குக் கேட்பதில்லையாம். போனது திரும்பாதாம். விசிலை நிறுத்த மாத்திரையும் கிடையாதாம். நல்ல சேதி!

"மிளகா அரைக்கும்போது மூக்குக்கு என்ன கட்டுவீங்க?"

"துண்டு."

"காதுக்கு?"

"கம்மல்."

சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "பஞ்சு பத்தாது, காதுமூடி மாட்டுங்க. இருக்கறதையாவது காப்பாத்தணும். எண்ணெயெல்லாம் ஊத்தாதீங்க. ரொம்ப அமைதியா இருந்தா விசில் பெருசாத் தெரியும், ரேடியோவை மெதுவா ஓட விடுங்க. அதையே உத்துக் கேக்காதீங்க, போகப் போகப் பழகிடும்."

பழகிடுமாம். மாமியாரோடே பழகாதவள் நான்.

மார்ச் 20, வியாழன்

இரண்டு காதுமூடி வாங்கினேன். மாட்டிக்கொண்டு நின்றால், "அக்கா ஏரோப்ளேன் ஓட்டப் போவுது" என்று வரிசையில் ஒரே கேலி. ஓட்டுறேன், ஏறுங்கடி.

தையலம்மாள் மாட்ட மாட்டேன் என்றாள். "எனக்கு எதுக்கும்மா?"

"காதுல விசில் வராம இருக்க."

"அதுவா? எனக்கு எப்பவும் கேக்குமே. எல்லாருக்கும் கேக்கும்னு இருந்தேன்."

நானே அவள் தலையில் மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை அவளுக்கும் அரியூர்.

மார்ச் 24, திங்கள்

தையலம்மாள் அரியூர் போயிருக்கிறாள், நான் தனியாக அரைக்கிறேன். தொட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால், மிளகாய் தீரும்போது அதிர்வு மாறுவது தெரிகிறது. காது செய்த வேலையைக் கை செய்கிறது. கூலி கேட்காதவரை சரி.

ஏப்ரல் 9, புதன்

நாள் முழுக்க அரவை. நானும் தையலம்மாளும் இப்போது ஜாடையிலேயே சண்டை போடுகிறோம். யார் ஜெயித்தது என்று இரண்டு பேருக்கும் தெரிவதில்லை.

சாப்பிட்டு, ரேடியோ போட்டு, இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது: காலையிலிருந்து விசில் ஞாபகமே இல்லை. நினைத்ததும் வந்துவிட்டது, கூப்பிட்டு அனுப்பியது மாதிரி. சரி, இருந்துட்டுப் போ. வாடகை தராதவனுக்கு முன்கூடம் கிடையாது, பின்கட்டுதான்.

சும்மா இரு, ரேடியோவில் மிளகாய் விலை சொல்கிறான். கேட்கணும்.