பதினொரு முதுகில் கிபிர்

மார்ச் 29, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். மத்தியானம் இடி, மழை. கொடியில் கிடந்ததெல்லாம் மறுபடி நனைந்தது.

தைக்க வேண்டியவை: கங்காணி வீட்டுப் பிள்ளையின் பாவாடை. டீச்சரின் இரண்டு பிளவுஸ் (கை இறுக்கமாம். கை தடித்துவிட்டது என்று நான் சொல்ல முடியுமா). மெஷினுக்கு எண்ணெய்.

சாயந்தரம் மகன் மெஷின் பக்கத்தில் வந்து குழைந்தான். காரியம் இருந்தால்தான் தினேஷுக்கு இந்தக் குழைவு. வருசப் பிறப்புக் கிரிக்கெட்டுக்கு மேல் டிவிசன் பையன்கள் டீம் கட்டியிருக்கிறார்கள். இவன் கேப்டன். பதினொரு ஜேர்சி வேண்டும், முதுகில் டீம் பேரை வெட்டித் தைக்க வேண்டும்.

"என்ன பேரு?"

"கிபிர்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"எவன் வச்சான் இந்தப் பேர?"

"நான்தாம்மா. குண்டு போடுற பிளேனு. போன்ல வீடியோ பாத்தோம். செம ஸ்பீடு."

"வேற பேரு வையி."

"ஏன்?"

சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். தட்டு கொஞ்சம் சத்தமாகத்தான் விழுந்தது.

மார்ச் 30, திங்கள்

மூடுபனி. நமுனுகுல மலை பத்து மணி வரை தெரியவில்லை.

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெக்டரிக்குக் கிளம்பிக்கொண்டே, "வெளாட்டுப் பேருதானே சரோ, விடு" என்றார். விளையாட்டாம். அந்தச் சத்தத்துக்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடின மனுசன் பேசுகிற பேச்சு.

"பையன்கிட்ட சொல்லிருவோம்" என்றேன்.

"சொன்னா நாளைக்கு லயம் பூரா பேசும். வன்னியிலேர்ந்து வந்தவங்கன்னு திரும்ப ஆரம்பிக்கும். வாய மூடிக்கிட்டுத் தச்சுக் குடு."

கலவரத்தில் எங்கள் அப்பாமார் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிப்போய் வடக்கே வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். நான் கைக்குழந்தையாகப் போனவள். அங்கேயே வளர்ந்து, இவரைக் கட்டி, மூத்தவளைப் பெற்றேன். அவளை அங்கேயே மண்ணில் போட்டுவிட்டு, சண்டை கொஞ்சம் ஓய்ந்தபோது இந்தத் தோட்டத்து லயத்தில் இவருடைய பெரியம்மாவின் வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வந்த புதிதில் பொலிசு, விசாரணை, ஆள் அடையாளம். பைப்படியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். அன்று மூடிய வாய்.

தினேஷ் பிறந்தது இங்கே. அவனுக்குத் தெரிந்தது: ஒரு அக்கா இருந்தாள், சண்டையில் செத்துப்போனாள். அவ்வளவுதான். எப்படி என்று கேட்டதில்லை. கேட்க விட்டதில்லை. அவள் பேரை இந்தக் கொப்பியில்கூட நான் எழுதியதில்லை.

டீச்சரின் பிளவுஸ் முடிந்தது.

மார்ச் 31, செவ்வாய்

பதுளைக்குப் போனேன், பை தூக்கத் தினேஷும் வந்தான். பஸ் நிறைய சனம். நூல், ஊசி, பிளவுஸ் கொக்கி, பெருங்காயம் (மறந்துவிட்டேன்).

முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் வெறும் ஜேர்சி எடுத்தோம், நீலம். எழுத்து வெட்ட மஞ்சள் ரெக்சின். "என்ன பேரு மகன் போடப்போறீங்க?" என்று நானா கேட்டார். இவன் சொன்னான். நானா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரெக்சினை அளந்து வெட்டினார். வடக்குச் சங்கதி தெரிந்த மனுசன்.

திரும்பும்போது ஹாலிஎலயில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் கேட்டேன், "இந்தப் பிளேனுக்கெல்லாம் எவன்டா பேரு வைக்கிறான்?" பையனுக்கு ஒரே சந்தோசம், அம்மா இறங்கி வந்துவிட்டாள் என்று. போனைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தான்.

கிபிர் என்றால் செய்தவர்கள் பாசையில் சிங்கக் குட்டியாம். குட்டி.

மற்றவையெல்லாம் கழுகு, பருந்து, புயல், சூறாவளி. பறவையும் காற்றும் செய்த பாவம்.

அமெரிக்கா பட்டாளத்து ஹெலிகாப்டர்களுக்குச் செவ்விந்தியக் குலங்களின் பேர். அடித்து, நிலத்தைப் பிடுங்கி, மிச்சம் இருந்தவர்களை ஒதுக்குப்புறத்தில் தள்ளி, பிறகு அவர்கள் பேரையே இயந்திரத்துக்கு வைத்துவிட்டார்கள். அந்தச் சனத்தின் பெரியவர்களையே கூப்பிட்டு ஆசீர்வாதமும் வாங்குவார்களாம். "மரியாதைக்கும்மா" என்கிறான். எங்கள் பேரையும் ஒரு ஹெலிகாப்டருக்கு வைக்கட்டும், மாலை போட நான் போகிறேன்.

ரஷ்யாக்காரன் விமானத்துக்கு அவனுக்கு ஆகாதவர்கள் தனியாகப் பேர் வைப்பார்களாம். சண்டை விமானம் என்றால் ஒரு எழுத்தில் தொடங்க வேண்டும், குண்டு போடுவது என்றால் இன்னொரு எழுத்து. இங்கே பறந்த மிக் ஒன்றுக்கு அப்படி வைத்த பேர், சவுக்கால் அடிக்கிறவன். அதில் அது ஒன்றுதான் உண்மைப் பேர்.

மேசை போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே யோசித்திருப்பார்கள். நம்ம மலைக் கொழுந்தாகவே இருக்கும்.

கீழே பதுங்கிக் கிடந்தவர்கள் வைத்த பேர் அந்தப் போனில் இருக்கிறதா? வேவு பார்க்க ரீங்காரம் போட்டு வருவது வண்டு. வானத்தில் மெதுவாக ஊர்ந்து வந்து குண்டை உருட்டிவிடுவது சகடை. கிபிருக்கு மட்டும் பட்டப்பேர் வைக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. வந்தது தெரியும் முன்னே போட்டுவிட்டுப் போய்விடும்.

இதெல்லாம் மனசுக்குள். வாயில், "அந்தப் பைய மடியில வையிடா, சாரல்ல நூலு நனையுது."

ஏப்ரல் 2, வியாழன்

தைத்தேன். நான் தைக்காவிட்டால் வேறு எவளாவது தைக்கத்தான் போகிறாள். ஊசி இரண்டு உடைந்தது. தையலை வேண்டுமென்றே பெரிதாக வைத்தேன். பிடித்து இழுத்தால் எழுத்து கையோடு வரும். என் தொழிலில் நான் செய்த முதல் மோசமான வேலை. கொஞ்சம் திருப்தி.

பையன்கள் வந்து எடுத்துப் போனார்கள். "அக்கா, என்ட்ரிக்கு மைக்ல சத்தமெல்லாம் போடப் போறோம். வந்து பாருங்க" என்றான் ஒருவன். என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் சாப்பிடும்போது, "நல்லா தச்சிருக்க" என்றார். குழம்பில் உப்பு கூட. தெரிந்தேதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

பெக்டரிக்குக் கீழே கிரவுண்டு. வெயில். சோடா, கடலை, ஐஸ் பழம். அவர் தேசிக்காய் பிழிந்த தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கயிறு ஓரமாகப் போனார். பிள்ளைகள் டம்ளரோடு பின்னால்.

மைக்கில் ஒருவன் கத்தினான், "கிபிர் வருது, கிபிர் வருது, எல்லாரும் மேல பாருங்க." அதோடு சத்தம். போனிலிருந்து எடுத்த சத்தம், நாலு ஸ்பீக்கரில்.

அவர் வாளியைப் போட்டார். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை ஒன்றை இழுத்துத் தரையில் கிடத்தி, மேலே குப்புற விழுந்தார். தன் இரண்டு கையாலும் அதன் காதைப் பொத்திக்கொண்டு, "வாயத் தொற, வாயத் தொற தங்கம்" என்று. பங்கருக்கு வெளியே மாட்டிக்கொண்டால் அப்படித்தான் கிடக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து.

சனம் சிரித்தது. நான் எழுதுகிறேன், சனம் சிரித்தது. மைக் பிடித்தவன், "அண்ணன் காலையிலேயே போட்டுட்டாரு போல" என்றான். இந்த மனுசன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

பிள்ளையின் தாய் ஓடிவந்து அதைப் பறித்துக்கொண்டு, "குடிகார நாயி" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் மூத்தவளைப் பறிக்கத்தான் ஓடினேன், அன்றைக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது பறிக்க ஒன்றும் இல்லை.

போய் மைக் வயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் வயரையும். "எவன்டா சிரிச்சது? எங்க மூத்த புள்ளைய கொன்ன சத்தம்டா அது. இப்பச் சிரிங்கடா." யாரும் சிரிக்கவில்லை. தினேஷ் பிட்சு நடுவில் மட்டையோடு நின்றான்.

அவர் எழுந்து சட்டையில் மண்ணைத் தட்டினார். காலி வாளியை எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லிட்டியே" என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

மழை விடவில்லை. அவர் வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுக்கை. டீ இரண்டு முறை ஆறியது.

காலையில் அந்தப் பிள்ளையின் தாய் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கிண்ணம் பாயாசம். வாங்கிக்கொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. என் கோபம் அவ்வளவு சீக்கிரம் தீராது.

மத்தியானம் பையன்கள் ஜேர்சிகளைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். தினேஷ் பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பிளேடு தேவைப்படவில்லை. பிடித்து இழுக்க இழுக்க வந்தது.

"பிரிக்காதடா" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. "பிரிச்சா இன்னும் கேப்பானுங்க."

"கேக்கட்டும்" என்றேன். "இத்தன வருசம் யாரு என்ன கேட்டுக் கிழிச்சாங்க?"

தினேஷ் குனிந்தபடியே கேட்டான், "அப்பா, அக்காவுக்கு என்ன பேரு?"

இருபத்திரண்டு வயது. உலகத்துப் பிளேனுக்கெல்லாம் பேரும் அர்த்தமும் தெரியும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவன் மேல் இல்லை.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ரேவதி."

மெதுவாகச் சொல்வார் என்று நினைத்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்களைப் பேர் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார். பக்கத்து வீட்டுக் காம்பராவில் டீவியைக் குறைத்தார்கள்.