வெயில் வந்தால் நிற்கும் திரை

ஆக. 18, திங்கள்

மேகம், நடுநடுவே வெயில். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். கால் வலி.

தோல் ஃபேக்டரியின் டேட்டா என்ட்ரி ரூமில் ஐந்து கம்ப்யூட்டர் திரைகளும் மறுபடி உறைந்து நின்றன. தரம் பிரித்த தோலின் விவரம் இங்கிருந்து சென்னை ஹெட் ஆபீஸின் பழைய மெயின்ஃப்ரேமுக்குப் போய், லேபிளாகத் திரும்ப வேண்டும். நடுவில் நான் பார்த்துக்கொள்ளும் ரூட்டர். சென்னை மேனேஜர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் என்ட்ரி வேலை முழுக்க அங்கே போய்விடும். ஐந்து பெண்களும் சென்னைக்கு வரலாம், இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம். அந்த ஐவரில் மேரி அக்கா எப்படிப் போவார்? வீட்டுக்காரர் படுத்த படுக்கை.

19, செவ்வாய்

நாள் முழுக்க இருட்டிக் கிடந்தது. திரை ஒருமுறைகூட நிற்கவில்லை! நான் செய்தது கேபிளைத் துடைத்தது மட்டும்தான். சரிசெய்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

வாங்க: ஷாம்பு, பேனா, அம்மாவுக்குத் தைலம்.

20, புதன்

காலை மூட்டம். பதினோரு மணிக்கு வெயில். 11.15க்கு ஐந்தும் நின்றன. மானம் போயிற்று.

தரம் பிரிக்கும் ஹாலில் இன்று என்ன புதிதாகச் செய்தார்கள் என்று கேட்கப் போனேன். சூப்பர்வைசர் யூசுப் பாய் என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னாம்மா, மூட்டமா இருந்தா நாங்க தோல் பாக்க மாட்டோம். டியூப்லைட்ல கறை தெரியாது. வெயில் வந்ததும் எல்லா மேஜையும் ஒண்ணா ஓடும்."

நாலு வருஷமாக இதே கட்டிடத்தில் குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாது!

ஓடி வந்து ரூட்டரில் கமாண்ட் அடித்தேன். சென்னையிலிருந்து வரும் லேபிளை ரூட்டரிடம் வாங்கித் திரைகளுக்குத் தரும் பழைய பெட்டி 'பொறு, பொறு' என்று சொன்ன எண்ணிக்கை கண்ணெதிரே ஏறுகிறது. விண்டோ: 60. அதாவது, 'வந்தது' என்ற பதிலுக்குக் காத்திராமல் ரூட்டர் அறுபது துண்டுத் தகவலை ஒரே மூச்சில் தள்ளுகிறது. பெட்டி தாங்குவது ஏழெட்டு. ஒன்று சிந்தினாலும் அதிலிருந்து எல்லாமே மறுபடி. அதற்குள் சென்னை தொடர்பை அறுத்துவிடும்.

கண்டுபிடித்துவிட்டேன்! அறுபது வைத்த புண்ணியவான் யார்? பக்கத்துக் குறிப்பில் என் இனிஷியல். ஜனவரி. ஜாஸ்தி வைத்தால் வேகமும் ஜாஸ்தி என்று நினைத்த மேதை நான்தான். சொந்தச் செலவில் சூனியம். கோடையில் நாள் முழுக்க வெயில், வேலை பரவலாக வந்தது, குட்டு வெளிப்படவில்லை.

21, வியாழன்

விண்டோவை 60லிருந்து 7 ஆக்கினேன். சோதிக்க வெயில் வேண்டும். வானம் மூடியே இருந்தது, சாயங்காலம் தூறல் வேறு. பேஜார். மொட்டை மாடிக்கு நாலு தரம் ஏறினேன். வெயிலுக்கு ஏங்க இனி நீயுமா என்று யூசுப் பாய் சிரிக்கிறார்.

22, வெள்ளி

மூன்று மணி வரை மூட்டம். நாலுக்கு மேனேஜர் போன் பண்ணுவார்.

3.10. பளீரென்று வெயில்! ஹாலில் எல்லா மேஜையும் ஒன்றாக ஓடின. லேபிள், லேபிள், லேபிள். திரை நிற்கவில்லை. 'பொறு' ஒன்றுகூட ஏறவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து ரூம்காரர்கள் ஓடி வந்தார்கள்.

என்ட்ரி ஆம்பூரிலேயே இருக்கட்டும் என்றார் மேனேஜர். அப்புறம் காரணம் கேட்டார். ஜனவரியில் நான் மாற்றியது என்றேன். ஸ்பீக்கர் போன், ரூம் முழுக்கக் கேட்டது. மெயிலில் எழுதி அனுப்பச் சொன்னார். திங்களன்று திட்டு விழும். விழட்டும்.

மேரி அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தினி நாளும் உன்னாலதானா?"

"ஆமாக்கா."

கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று எழுதிய லெட்டர். இன்றைய தேதி.

"எழுதவே ரெண்டு நாளாச்சு. நீயே கிழி."

கிழித்தேன். நாலாக, எட்டாக.