வாசிக்காமல் விட்ட வரிகள்

ஜனவரி 9, 1946, புதன்

அண்ணன் முத்திருளனின் கடிதத்தில் பென்சில் காகிதத்தைக் கிழித்திருந்தது. அவ்வளவு அழுத்தி எழுதுகிறவன் இல்லை அவன்.

மூன்று மாதம் கழித்து ஜாவாவிலிருந்து வந்த கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான்தான். ஆட்கள் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. தவசி சித்தப்பா, “கொசு வாசிக்குது, காதக் கிட்டக் கொண்டு போங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜப்பான்காரன் தோற்ற பிறகும் அங்கே சண்டை ஓயவில்லையாம். நாட்டை முன்பு ஆண்ட டச்சுக்காரர்களின் பெண்டு பிள்ளைகள் ஒரு முகாமில் அடைபட்டுக் கிடந்தார்களாம். வெளியே, டச்சுக்காரன் மறுபடி ஆளக்கூடாது என்று மூங்கில் ஈட்டியோடு உள்ளூர்க் கூட்டம். அண்ணனின் பட்டாளம் அவர்களை லாரியில் ஏற்றிக் கரை சேர்த்திருக்கிறது. ஒரு குழந்தை அவன் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

அய்யா தொடையைத் தட்டினார். “அதுக்குத்தாய்யா பட்டாளம்!”

அடுத்த நாலு வரியை நான் வாசிக்கவில்லை. கடைசியை மட்டும் வாசித்தேன்: மாசியில் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்த கெடு முடிகிறது; வரவா, இன்னும் இரண்டு வருடம் எழுதிக் கொடுக்கவா, அய்யாவைக் கேட்டு எழுது.

ஜனவரி 10

விட்ட வரிகள்: “மறுவாரம் ஒரு ஊருக்குள் போனோம். துப்பாக்கி தேடச் சொன்னார்கள். நெல் குதிருக்குள் கம்பியை விட்டுக் குத்தினேன். ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார், நம் அய்யா நிற்பது போலவே. பிறகு ஊரைக் கொளுத்தினோம்.”

எங்கள் குதிரிலும் போலீஸ்காரர்கள் அப்படித்தான் குத்துவார்கள். எங்கே களவு போனாலும் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வருவார்கள். எங்கள் சாதியே களவுச் சாதி என்று சர்க்கார் சட்டம் போட்டுக் கைரேகை எடுத்த பதிவில் அய்யா பெயரும் இருக்கிறது. பதிவில் உள்ள ஆம்பளைகள் பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் இன்ஸ்பெக்டர், “மகன் அங்கே இருக்கிறவரை வீட்டில் படுத்துக்கொள்” என்றார்.

நாலு வருடமாக அய்யா வீட்டில் தூங்குகிறார். அண்ணன் வந்துவிட்டால்?

ஜனவரி 12

“இருக்கச் சொல்லி எழுது தாயி. பிள்ளைகளக் காப்பாத்துறான், நல்ல காரியந்தான” என்றார் அய்யா.

சித்தப்பா விடவில்லை. “அண்ணே, அந்த ஊர்க்காரன் நம்மளக் கூப்பிட்டானா?”

“கெணத்துல பிள்ள விழுந்தா, கூப்பிட்டாத்தான் குதிப்பியாக்கும்?”

“குதிப்பேன், தூக்குவேன், வீட்டுக்கு வந்துருவேன். கெணத்தையும் சேத்துல்ல டச்சுக்காரனுக்கு எழுதிக் குடுக்குறாக!”

“போடா, வெளங்காதவனே.”

‘இரு’ என்று எழுதினேன். உறையை ஒட்டவில்லை.

ஜனவரி 14

பொங்கல்.

வாசித்தால் அய்யாவின் தூக்கம் போகும். வாசிக்காவிட்டால் அண்ணன் இன்னும் எத்தனை வீட்டில் — நான் யாரு இத முடிவு பண்ண? ஆனா அய்யா கேட்டது பாதிக் கடுதாசி. பாதியக் குடுத்து முழுத் தீர்ப்ப வாங்குனது நாந்தானே.

ஜனவரி 16

வாசித்துவிட்டேன். அய்யாவும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள்.

குதிரில் கம்பி விட்டதை வாசித்ததும் அய்யா, “நிறுத்து” என்றார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ம், வாசி.”

கொளுத்தியது வரை வாசித்தேன்.

“அவனா செஞ்சிருக்க மாட்டான். மேல சொல்லியிருப்பாக” என்றாள் அம்மா.

“நம்ம குதிர்ல குத்துனவனும் அதத்தான் சொன்னான்.”

பிறகு என்னைப் பார்த்தார். “அன்னைக்கே ஏன் வாசிக்கல?”

“நீங்க வீட்ல படுக்கணும்னு...”

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஜனவரி 17

அய்யா சாப்பிடவில்லை.

ஜனவரி 18

விடிந்ததும் அய்யா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“லாரியில ஏத்துனது சரி. அதோட திரும்பியிருக்கணும். வரச் சொல்லு.”

“அப்ப ஸ்டேஷனு?” என்றாள் அம்மா.

“நான் படுக்காத தரையா?”

‘இரு’ என்று எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அய்யா சொன்னதை அப்படியே எழுதினேன், “அதோட திரும்பியிருக்கணும்” என்பதையும்.

ஏப்ரல் 6

நேற்று அண்ணன் வந்தான். இளைத்திருக்கிறான். இன்று மதியமே ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, இனி ராத்திரி அய்யா அங்கேதான் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாயும்போது அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். அண்ணன் எழுந்தான். “நானும் வாரேன்.”

“ஒனக்கு அங்க எடமில்ல, நாந்தான் பழைய குடித்தனக்காரன்” என்று அய்யா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

நான் தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டு மூடி, அய்யாவின் பின்னாலேயே ஸ்டேஷன் வரை நடந்தேன்.