மூக்குத்தி மறைந்த படம்

சுவா தோட்டம்,
புதன்கிழமை, 10.8.1983

தம்பின் டவுனில் போட்டோக் கடை நடத்தும் பெரிய மனிதர், என் கூடப் பிறந்த தம்பி அர்ச்சுனனுக்கு அக்காள் மயிலம்மாள் எழுதுவது. நாங்கள் இங்கே நலம் என்று தொடங்க வேண்டுமாம். எழுத மாட்டேன். உன் நலத்தையும் கேட்க மாட்டேன். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன குறை?

தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டுத் தொலைபேசியில் திட்டலாம் என்றுதான் கிளம்பினேன். கிராணி பெண்டாட்டி பக்கத்திலேயே நின்று கேட்பாள். அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் பிழை வரும் என்று உன் மாமா சிரிக்கிறார். நீயும் சிரித்துக்கொள். சிரித்து முடித்த பிறகு மீதியைப் படி.

போன ஞாயிறு சிரம்பானிலிருந்து பஞ்சாலையைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் சன்னாசிதான் கூட்டி வந்தார். ஆட்களை மேய்க்கிற மண்டோர் வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, கேசரி கிண்டி, உன் மாமாவுக்குச் சலவைச் சட்டை மாட்டிவிட்டு, நான் கல்யாண வீடே வந்துவிட்டது போல ஆடிக்கொண்டிருந்தேன். பஞ்சாலை காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைத் தொடவில்லை.

"மூத்தவள ஏம்மா அனுப்புனீங்க? கல்யாணப் பொண்ணு எங்க லா?" என்றாள்.

எனக்கு இருப்பது ஒரே மகள். பல்லைக் காட்டிக்கொண்டு, "இதுதாம்மா பொண்ணு" என்றேன். அந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் போட்டாள்.

அந்தப் படத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். எங்களுக்குக் காட்டாமலே சன்னாசி கையில் கொடுத்து அனுப்பியவன் நீ. முடி கரிக்கட்டை மாதிரி இருக்கிறது, பொட்டு கரிக்கட்டை மாதிரி இருக்கிறது, நடுவில் முகம் மட்டும் புட்டு மாவு. கிணற்றடியில் விழுந்து புருவத்துக்கு மேல் தையல் போட்டோமே, அந்தத் தழும்பு இல்லை. மூக்குத்தி இல்லை. மூக்கிலேயே பாதி இல்லை. நான் பெற்ற பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பஞ்சாலைதான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "இந்தப் பொண்ணு தம்பின்ல எங்க மாமா கடையில இருக்காங்க. ஆறு மணிக்குக் கடைய மூடிடுவாரு. இப்பவே கெளம்புனா பார்க்கலாம் லா."

மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். அம்மா முறைத்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு எழுந்து அவள் பின்னால் போனான். நானும் பஞ்சாலையும் அன்றைக்கு அவனைக் கேலி செய்தே கேசரி முழுவதையும் தின்று தீர்த்தோம். என் மகள் என்னைப் போல, எதுவும் ஒட்டாது என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை பேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், முகத்தில் அப்படிப் பவுடர். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அவள் பவுடர் போட்டு நான் பார்த்ததே இல்லை. வேறு நாளாக இருந்தால், கோதுமை மில்லில் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டிருப்பேன். எதற்கும் வாய் மூடாத என்னை நீ மூட வைத்துவிட்டாய்.

இன்றைக்கு உன் கடிதம் வருகிறது. சன்னாசி நடந்ததைச் சொன்னார், கவலைப்படாதே அக்கா, அதே படத்தில் இன்னொன்று கோலா கிளாவாங்கில் ஒரு வாத்தியார் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன், அவர்களுக்குப் பிடித்துவிட்டது, மாதக் கடைசி ஞாயிறு பார்க்க வருகிறார்கள் என்று. அர்ச்சுனா, யாரைப் பார்க்க வருகிறார்கள்? மறுபடியும் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த வாத்தியார் வீட்டு அம்மாவும் படத்தையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்க்கவா?

நல்லதுக்குத்தானே செய்தேன், கடைக்கு வருகிற பெண்களெல்லாம் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று வேறு எழுதியிருக்கிறாய். அவர்கள் கேட்டார்கள். இவள் உன்னைக் கேட்டாளா?

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. உன் முதல் இருட்டறை என் வீட்டுக் குளியலறை. குண்டு பல்பில் சிவப்பு மிட்டாய்த் தாளைச் சுற்றிவிட்டு ஸ்டூடியோ என்றாயே, வெளிச்சம் கசிந்து படமெல்லாம் சாம்பல் பூத்து, கோயில் தலைவர் செத்தவர் மாதிரி வந்து நின்றாரே, மறந்துவிட்டாயா? நல்ல சிவப்பு விளக்கு வாங்கிய பிறகும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் படம் அலசியவள் நான். மங்கிய நெகட்டிவுக்குத்தான் கறுப்பையும் வெள்ளையையும் தூக்கிக் காட்டுகிற ஹார்ட் பேப்பர், நல்ல நெகட்டிவை அதில் போட்டு வெளிச்சத்தையும் குறைத்தால் முகத்தில் இருப்பதெல்லாம் வெளுத்து ஓடிவிடும் என்று எனக்குச் சொன்னதே நீதான். பஞ்சாலை நெகட்டிவ் மங்கலா? இல்லை. கை தவறியும் போடவில்லை. பெட்டியைத் திறந்து, தேடி, அந்தத் தாளை எடுத்திருக்கிறாய்.

இப்போது நான் சொல்கிறபடி செய். அதே நெகட்டிவை, உள்ளதை உள்ளபடி காட்டுகிற சாஃப்ட் பேப்பரில் போடு. படம் கழுவுகிற மருந்தில் கிடக்கும்போது அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ரொம்பக் கறுத்துவிட்டது போலத் தோன்றும். பயந்து பிடுங்காதே, முழுசாக வரட்டும். தழும்பு தெரிய வேண்டும். மூக்குத்திக் கல் தெரிய வேண்டும். சன்னாசியிடம் கொடுக்காதே. நீயே கோலா கிளாவாங்குக்கு பஸ் ஏறிப் போய், அதைக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு வா. வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் உன் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அவள் காப்பியோடு நிற்கும்போது சொல்ல வேண்டாம்.

மாமா உன்மேல் கோபமில்லை என்று எழுதச் சொன்னார். எனக்கு இருக்கிறது. நீ போய் வந்ததாக எழுது, பிறகு பார்க்கலாம்.

உன் மகள் முத்தாயிக்கு என் முத்தம். நம் அம்மாவின் பெயரோடு அவளுடைய கறுப்பு நிறத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பிறந்த பிள்ளை. வெயிலில் ஆடினால் உள்ளே வா, உள்ளே வா என்று இழுக்க வேண்டாம் என்று உன் வீட்டுக்காரியிடம் சொல். நன்றாக ஆடட்டும். அந்த முருகன் அவளைப் பார்த்துக்கொள்ளட்டும், நீயும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்காள்
மயிலம்மாள்